பண்ணை ஆண் நெருப்புக்கோழி ஆளைக் கண்டதும் மண்டியிட்டுச் சிறகடிப்பது ஏன்? ஜோடி சேர்த்தும் முட்டை வரவில்லையே?

அது உங்களிடம் காதல் காட்டுகிறது. இரண்டு கேள்விக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றேதான்.

நான் கடலூரில் கால்நடை மருத்துவர். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு நடுவே ஒருவர் ஓர் ஆணும் இரண்டு பெட்டையும் வளர்க்கிறார். அவற்றைப் பார்க்கப் போகும்போது அந்த ஆண் செய்வதும் இதையேதான். முழங்கால் மடங்கப் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு சிறகையும் மாற்றி மாற்றி வீசும். கழுத்து இடமும் வலமும் முதுகில் மோதும். பருவத்தில் அலகும் கால் முன்பக்கமும் சிவந்துவிடும். கழுத்தை ஊதிப் புடைக்க வைத்துக்கொண்டு எழுப்பும் ஆழ்ந்த முழக்கம் தோப்பின் மறுகோடி வரை கேட்கும்.

பண்ணைக் குஞ்சுகள் இன்குபேட்டரில் பொரிந்து, தாய் தகப்பனைப் பார்க்காமல், தீனி போடுகிறவர் காலடியிலேயே வளர்கின்றன. யாரோடு வளர்ந்தோமோ அவரே நம் இனம் என்று அவற்றின் மனத்தில் பதிந்துவிடுகிறது என்பது என் கருத்து. பெட்டைக்கு 2, 3 வயதிலும் ஆணுக்கு 3, 4 வயதிலும் பருவம் வரும்போது அது வெளியே தெரிகிறது. பிரிட்டன் பண்ணைகளில் நார்மா பூபியர், சார்லஸ் பாக்ஸ்டன் உள்ளிட்டோர் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள்: பக்கத்தில் மனிதர் இருந்தால் ஆண், பெட்டை இரண்டுமே காதல் சைகைகளை அதிகம் காட்டுகின்றன. 2002இல் இதற்கு, வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்கென்றே தரப்படும் இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். முட்டையை நம்பிப் பண்ணை வைத்தவருக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். ஆணின் கவனம் வேலிக்கு வெளியே நிற்கும் உங்கள் மேல் இருந்தால், உள்ளே தலையைத் தாழ்த்திச் சிறகைப் படபடவென்று நடுக்கி அழைக்கும் பெட்டையை யார் கவனிப்பது?

ஆகவே முதலில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நிறுத்துங்கள். தீனி, தண்ணீரை வேலிக்கு வெளியிலிருந்தே வைக்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஈட்டுக் குஞ்சுகளைத் தனித்தனியாகக் கொஞ்சாமல் கூட்டமாக வளருங்கள். உள்ளே போயே தீர வேண்டுமென்றால் இருவராகப் போங்கள். தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் முள் கிளையை முன்னால் நீட்டிக்கொண்டு போவார்கள். நம்மூர்க் கருவேல முள் அதற்குப் போதும். பறவை முன்னோக்கித்தான் உதைக்கும், அந்த உதை குடலைக் கிழித்துவிடும். இதில் மட்டும் அசட்டை வேண்டாம்.

ஜோடிக்குள் மனம் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். காட்டில் ஓர் ஆணுக்கு ஒரு தலைமைப் பெட்டை இருக்கும். மற்றப் பெட்டைகளும் அதன் கூடாக இருக்கும் அதே மண் பள்ளத்தில் வந்து முட்டையிடும். இடம் போதாமல் போனால் தலைமைப் பெட்டை தன் முட்டைகளை அடையாளம் கண்டு நடுவில் வைத்துக்கொண்டு பிறவற்றை ஓரத்துக்குத் தள்ளிவிடும். எனக்கு இந்தப் பறவையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அடையில் பகலில் பெட்டையும் இரவில் கறுத்த ஆணும் முறை வைத்து உட்காருகின்றன. (2012இல் பெருந்துறைப் பக்கம் சரிந்த ஈமு பண்ணைகளை நினைத்து இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். ஈமுவில் ஆண் ஒன்றே சுமார் 8 வாரம் அடைகாக்கும்.) நாம் கையால் பிடித்துக் கொடுத்த ஜோடிக்குத் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. ஒரு பருவம் பார்த்துவிட்டுப் பெட்டையை மாற்றிப் பாருங்கள்.

பெட்டை பெரும்பாலும் மாலையில், ஒன்று விட்டு ஒரு நாள் முட்டையிடும். உடனே எடுத்துவிட்டால் தொடர்ந்து இடும்.

கடலூர், புதுச்சேரிக் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு, ஈரம். 42 நாள் அடையில் முட்டை தன் எடையில் சுமார் 15 சதவீதத்தை நீராக இழக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் அது இழக்காது. குஞ்சு உள்ளேயே நீர்கோத்து வீங்கி, ஓட்டை உடைக்கத் தெம்பில்லாமல் செத்துவிடும். இன்குபேட்டர் அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை முதலில் வாங்குங்கள். முட்டையை வாரம் ஒருமுறை தராசில் வைத்து எழுதி வையுங்கள். எடை குறையாவிட்டால் அறையை இன்னும் உலர்த்த வேண்டும்.