ஊனம் சார்ந்த வசவுகளும் ‘பாகுபாடு’ என்ற குற்றச்சாட்டும்: கேள்வி பதில்

ஊனத்தை வைத்துப் பேசும் சொற்கள், அவற்றைக் கேட்டதும் ‘நீ ஏபிலிஸ்ட்’ (அதாவது ஊனத்தின் பேரில் பாகுபாடு காட்டுகிறவர்) என்று பாயும் பழக்கம், இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். போலியோ வந்து காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு நடக்கிறவள் நான். ஊனமுற்றோர் உரிமை பற்றி நிறுவனங்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், காரத்தைக் குறைக்கவில்லை.

அக்கா, நண்பர்களுக்குள் ‘லூசு’, ‘மெண்டல்’ என்று சாதாரணமாகச் சொல்லிக்கொள்வோம். யாரையும் மனதில் வைத்துச் சொல்வதில்லை. இதைக் கேட்டு ஒரு தோழி எங்களை ஏபிலிஸ்ட் என்று திட்டிவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாள். நாங்கள் அவ்வளவு மோசமானவர்களா?

மோசமானவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘யாரையும் மனதில் வைக்கவில்லை’ என்பது பாதி பதில்தான். ‘லூசு’ என்று ஒருவரைச் சொன்னால், ‘நீ பேசுவதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை’ என்று அர்த்தம். உங்கள் கூட்டத்தில் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இருந்தால், அதை உங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வருமா? அந்தத் தோழியின் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். விசாரித்தீர்களா? அவள் திட்டிய விதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அது வேறு கணக்கு. அவள் சொன்ன விஷயத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

‘இடியட்’ கூட ஒரு காலத்தில் மருத்துவச் சொல்தானாமே. அப்படியானால் அதையும் ஒழித்துவிடலாமா? இதற்கெல்லாம் எல்லையே இல்லையா?

எல்லை உண்டு. நீங்கள் சொல்லும் வரலாறும் உண்மைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவுத்திறன் சோதனையை வைத்து ஆட்களைத் தரம் பிரித்தார்கள். மன வயது இரண்டுக்குள் இருந்தால் ‘இடியட்’, மூன்று முதல் ஏழு வரை ‘இம்பெசில்’. எட்டு முதல் பன்னிரண்டு வரையிலானவர்களுக்கு ‘மோரான்’ என்ற சொல்லை ஹென்றி காடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1910இல் உருவாக்கினார். வெறும் வகைப்பாட்டோடு அது நிற்கவில்லை. கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ‘மூன்று தலைமுறை இம்பெசில்கள் போதும்’ என்று நீதிபதி ஹோம்ஸ் அதில் எழுதினார். ஒரு சொல்லின் பேரில் ஓர் உடம்பை அறுத்தார்கள்.

இன்றைக்கு எந்த மருத்துவரும் யார் கோப்பிலும் ‘இடியட்’ என்று எழுதுவதில்லை. அந்தச் சொல் போய்த் தைக்க ஒரு கூட்டம் மிச்சமில்லை. ‘ரிடார்டட்’ (அறிவு வளர்ச்சி குன்றியவர்) அப்படியல்ல. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்தே 2010இல் ‘ரோசா சட்டம்’ வந்த பிறகுதான் அது நீக்கப்பட்டது. தன் சான்றிதழில் அந்தச் சொல்லோடு வளர்ந்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தன் பெயர்போலக் கேட்டு வளர்ந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் நான் பார்க்கும் அளவுகோல்.

எந்தப் புதுச் சொல்லைக் கொண்டுவந்தாலும் கொஞ்ச நாளில் அதுவும் வசவாகிவிடுகிறதே? பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

ஆகிறதுதான். பிரிட்டனில் 1950களின் தொடக்கத்தில் உருவான ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’ என்ற அமைப்பு 1994இல் தன் பெயரையே ‘ஸ்கோப்’ என்று மாற்றிக்கொண்டது. பெருமூளை வாதத்தின் ஒரு வகையைக் குறிக்கும் ‘ஸ்பாஸ்டிக்’ என்ற மருத்துவச் சொல் அங்கே பள்ளிக்கூடத்துக் கேலியாகிவிட்டிருந்தது. அதிலிருந்து வந்த ‘ஸ்பாஸ்’ என்ற குறுக்கச் சொல்லை 2022இல் அமெரிக்கப் பாடகி லிஸ்ஸோ ஒரு பாட்டில் பயன்படுத்தினார். பெருமூளை வாதம் உள்ள ஓர் ஆஸ்திரேலியப் பெண் பொதுவெளியில் அதைச் சுட்டிக்காட்டினார்: ‘என் நோயின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது, என் கால் தசைகள் எப்போதும் வலியோடு இறுகிக் கிடப்பதைத்தான் அது குறிக்கிறது’ என்ற பொருளில் விளக்கினார். சில நாட்களிலேயே லிஸ்ஸோ வரியை மாற்றிப் பாட்டை மறுபடி வெளியிட்டார்.

எண்ணம் மாறாமல் சொல்லை மட்டும் மாற்றினால் எண்ணம் புதுச் சொல்லிலும் குடியேறிவிடும், சரி. ஆனால் அந்தப் புகாரைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வலி இருப்பதை அன்றுதான் அறிந்திருப்பார்கள். சொல்லை மாற்றும்போது கிடைக்கும் உரையாடலில்தான் லாபம்.

மாற்றுத்திறனாளி, ஊனமுற்றவர், சிறப்புத் தேவையுள்ளவர். எதைச் சொன்னாலும் ஒருவர் கோபிக்கிறார்.

எதிரில் இருப்பவரையே கேளுங்கள். காது கேளாதவர்களில் பலர் ‘குறைபாடு’ என்ற ஒட்டை விரும்புவதில்லை, தங்களைச் சைகை மொழி பேசும் ஒரு சமூகமாகப் பார்க்கிறார்கள். ‘ஆட்டிசம் உள்ளவர்’ என்பதைவிட ‘ஆட்டிஸ்டிக்’ என்பதே தனக்குப் பொருத்தம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நேர்மாறாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சொல் வராது.

என்னை எப்படிக் கூப்பிட்டாலும் எனக்குப் பெரிதாக வருத்தமில்லை. ஓர் அலுவலகத்தில் படிவத்தை நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை வாங்காமல், என்னோடு வந்த என் சித்தி மகளிடம், ‘மேடம் மாற்றுத்திறனாளிங்களா? அவங்களே கையெழுத்து போடுவாங்களா?’ என்று கேட்டார். சொன்ன சொல் அரசாங்க முத்திரை குத்திய மரியாதைச் சொல். அவர் கண் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

நான் ஒரு குழுவின் மேலாளர், மேடம். ஊனமுள்ள ஊழியர் ஒருவர் எதற்கெடுத்தாலும் பாகுபாடு என்கிறார். விடுப்பு தராவிட்டாலும் அதுதான், அறிக்கை ஏன் தாமதம் என்று கேட்டாலும் அதுதான். இப்போது அவரிடம் பேசவே எல்லோரும் பயப்படுகிறார்கள்.

இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். முதலில் விடுப்பு. ‘எல்லோருக்கும் ஒரே விதிதான்’ என்பீர்கள். பிசியோதெரபிக்கு மாதாமாதம் போக வேண்டியவருக்கும் போக வேண்டாதவருக்கும் ஒரே விதி என்றால் அந்த விதியே பாகுபாடாக இருக்கலாம். அவருடைய தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையும் ஐநாவின் 2006ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கை பாகுபாடு என்றே சொல்கிறது. ஆகவே அந்தப் புகாரைச் சும்மா தள்ளிவிட முடியாது.

அறிக்கை விஷயம் வேறு. அவர் பயன்படுத்தும் மென்பொருள் அவருக்கு ஒத்துவருகிறதா, தகவல்கள் மற்றவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் அவருக்கும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் தாமதம் என்றால், மற்றவர்களைக் கேட்பதுபோல அவரையும் கேளுங்கள். கேட்காமல் விடுவது அவரைக் குழந்தையாக நடத்துவது. இன்னொன்று: பயந்துகொண்டு யாருமே அவரிடம் குறை சொல்லவில்லை என்றால், அவர் எதில் தேற வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த பதவி உயர்வில் கழற்றிவிடப்படுவார். அப்போது அவர் ‘பாகுபாடு’ என்றால் அது முழு உண்மையாக இருக்கும்.

அந்த ஊழியருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாமதத்தைக் கேட்டதற்கும் அதே சொல், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் நேர்காணலை முடித்துவிட்டதற்கும் அதே சொல் என்றால், இரண்டாவது ஆள் எந்தச் சொல்லை வைத்து நியாயம் கேட்பார்? எல்லா மழைக்கும் புயல் எச்சரிக்கை விட்டால் புயலன்று யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். இதை அவரிடம் சொல்லக்கூடியவர் அவரைப் போலவே புகார் கொடுத்து அலைந்த ஒருவர்தான். நீங்கள் சொன்னால் எடுபடாது.

‘குருட்டு நம்பிக்கை’, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ இதையெல்லாம்கூட விட வேண்டுமா?

முதலாவதற்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. இரண்டாவதைக் காது கேளாதவர் இருக்கும் இடத்தில் நான் சொல்வதில்லை. அதைச் சொல்லாமலே பேச முடிகிறது. பார்வையற்ற என் தோழி ‘நேற்று ஒரு படம் பார்த்தேன்’ என்று இயல்பாகச் சொல்வாள். ‘பார்த்தாயா?’ என்று கேட்டுவிட்டு அவளிடம் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கிறவர்கள்தான் அவளுக்குப் பெரிய தொல்லை.

நகைச்சுவை எழுதுகிறவன் நான். ஊனம் என்றாலே இனி கைவைக்கக் கூடாதா?

தாராளமாக வையுங்கள். 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில் இதைப் பேசியது. ஊனமுள்ளவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு, ஊனத்தைப் பற்றிய தப்பான எண்ணத்தைப் புரட்டிப்போடும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. பார்வையற்றவர் தூணில் முட்டுவது அரதப் பழசு. பேருந்துக்காக நிற்கும் பார்வையற்றவரை, கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துச் சாலையைக் கடக்க வைத்துவிட்டுப் புண்ணியம் சேர்ந்த பூரிப்பில் போகிறாரே ஒருவர், அவரை எழுதுங்கள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

உண்மையில் ஊனமுற்றவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றவர்கள்தான் அவர்கள் சார்பில் கொதிக்கிறார்கள்.

சார்பில் கொதிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், எனக்கும் அவர்களால் அலுப்புதான். நான் சிரித்த ஜோக்குக்கு எனக்காக ஒருவர் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் ‘யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை’ என்று உங்களிடம் சொன்னவர் யார்? உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரா?

ஒருவர் தப்பாகப் பேசினால் எப்படித்தான் சொல்வது? சொன்னாலே சண்டை வருகிறது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை விட்டுவிட்டு, அவர் சொன்ன வாக்கியத்தைப் பற்றிப் பேசுங்கள். ‘நீ பாகுபாடு பார்ப்பவன்’ என்றால் அவர் தன் குணத்துக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவார். ‘அந்த வார்த்தை வேண்டாமே, என் தம்பியைப் பள்ளியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்’ என்றால் வாதாட ஒன்றுமில்லை. முடிந்தால் தனியாக, ஒரே ஒரு முறை. கேட்கிறவருக்கு வேலை இன்னும் சுலபம்: ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும். ‘என் நெருங்கிய நண்பனே சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான்’ என்று ஆரம்பித்தால்தான் வம்பு.

இதையே திரும்பத் திரும்ப, வேண்டுமென்றே செய்கிறவருக்கு இந்த நயம் தேவையில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நோக்கம், இடம் இரண்டையும் நிரூபிக்க வேண்டும். வாய் தவறி வந்த ‘லூசு’க்கு இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டாதீர்கள்.

என் மகனுக்குக் கால் ஊனம். வகுப்பில் ‘நொண்டி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆசிரியர் ‘பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வது’ என்கிறார். புகார் கொடுத்தால் நானும் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவள் ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள், அம்மா. இது கட்டாயம் கொடுக்க வேண்டிய புகார். அதற்கு முன் மகனிடம் பேசுங்கள், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சில பிள்ளைகள் பெயரைவிட வேறொன்றுக்காக அழுதுகொண்டிருப்பார்கள். எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதி, யார், என்ன சொல், ஆசிரியர் என்ன பதில் சொன்னார். பிள்ளைகளுக்குத் தண்டனை கேட்காதீர்கள், பள்ளி என்ன செய்யப்போகிறது என்று கேளுங்கள். விளையாட்டு வகுப்பில் அவன் என்ன செய்கிறான் என்பதையும் விசாரியுங்கள். மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக வகுப்பறையில் உட்கார வைத்திருந்தால், அதே கடிதத்தில் அதை முதல் வரியாக எழுதுங்கள். நான் சொன்ன அதே சட்டம் 16ஆம் பிரிவில், படிப்போடு விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது.