ஓடுபாதையில் மயிரிழை: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகள்

குன்னூர்: சார், ஒரே ஓடுபாதையில் ஒன்று இறங்கவும் இன்னொன்று கிளம்பவும் எப்படி அனுமதி கொடுக்கிறார்கள்? டவரில் இருப்பவருக்குக் கண்ணெதிரேதானே எல்லாம்?

ஒற்றைப் பாதை ரயிலில் இருந்த பழைய டோக்கன் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, அந்த ரயில்தான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். ஓடுபாதையும் அப்படித்தான், ஒரு நேரத்தில் ஒருவருக்கே சொந்தம். ஆனால் கையில் கொடுக்க இங்கே டோக்கன் கிடையாது. ரேடியோவில் சொல்லும் சொல்தான் டோக்கன்.

டவரில் இருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர் கணக்குப் போட்டுத்தான் அனுமதி தருகிறார். 140 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில், இறங்கி வரும் விமானம் 3 கடல் மைலைக் கடக்க 77 விநாடி ஆகும். அதற்குள் ஓடுபாதையில் நிற்பது உருண்டு, வேகமெடுத்து, எழும்பிவிட வேண்டும். அது 20 விநாடி தாமதித்தாலே கணக்கு பிசகிவிடும். 2023 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் ஆஸ்டினில், கடும் மூடுபனியில் இதுதான் நடந்தது. இறங்க வந்த ஃபெட்எக்ஸ் விமானிகள் கீழே இன்னொரு விமானம் இருப்பதைக் கவனித்து உடனே மேலேறினார்கள். இடைவெளி 200 அடிக்கும் குறைவு. தரையில் நகர்பவற்றைக் காட்டும் ரேடார் அப்போது அங்கே இல்லை.

கோத்தகிரி: ஓடுபாதையில் ஒன்றை நிறுத்திவிட்டு மறந்தே போவார்களா?

போவார்கள். 1991 பிப்ரவரி 1 மாலை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறிய விமானத்தை ஓடுபாதையில் நிற்கச் சொன்ன கன்ட்ரோலர், அது அங்கே நிற்பது நினைவில்லாமல் அதே ஓடுபாதையில் இன்னொன்றை இறங்கச் சொன்னார். 35 பேர் இறந்தார்கள்.

நினைவை நம்பாமல் இருக்கத்தான் பட்டை வைக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் விவரம் எழுதிய நீள அட்டை ஒன்று பிளாஸ்டிக் சட்டத்தில் செருகப்பட்டு மேசைப் பலகையில் இருக்கும். ஓடுபாதையைச் சோதிக்க ஜீப் உள்ளே போனால், 'ஓடுபாதையில் ஆள்' என்று காட்டும் தனிப் பட்டையை ஓடுபாதைக்கான இடத்தில் குறுக்கே வைத்துவிடுவார்கள். ஜீப் ஓட்டுநர் "வெளியே வந்துவிட்டேன்" என்று ரேடியோவில் சொன்ன பிறகுதான் அதை எடுக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரம் மிகவும் ஆபத்தானது. வாய்ப்பேச்சில் ஒப்படைத்தால் ஏதாவது விட்டுப்போகும். பட்டைகளை வரிசையாகத் தொட்டுக் காட்டி ஒப்படைக்க வேண்டும்.

லவ்டேல்: எங்கள் ஊரில் இரண்டே நிமிடத்தில் மேகம் வந்து ரோட்டை மூடிவிடும். விமான நிலையத்தில் அப்படி ஆனால்?

ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் அதேதான் நடந்தது. லோஸ் ரோடியோஸ் நிலையம் ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. மேகமே ஓடுபாதையில் தவழும். 1977 மார்ச் 27 அன்று கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில். பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வருகிறது. டவருக்கு இரண்டுமே தெரியவில்லை. கேஎல்எம் துணை விமானி "டேக் ஆஃப்" என்ற சொல்லோடு ஏதோ தெளிவில்லாமல் சொன்னார். டவர் "ஓகே" என்றது, சற்றே இடைவெளி விட்டு "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆமும் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பேச, ஒரே அலைவரிசையில் இரண்டு குரலும் மோதிக் கீச்சொலியாகிவிட்டது. கேஎல்எம் அறையில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டும்தான். அது கிளம்ப ஓடி, எதிரே இருந்த பான் ஆம் மீது மோதியது. 583 உயிர்கள் போயின.

அதற்குப் பிறகுதான், கிளம்ப அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் "டேக் ஆஃப்" என்ற சொல்லே வரக்கூடாது, மற்ற இடத்தில் "டிபார்ச்சர்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஆனது. வெறும் "ஓகே" பதிலாகாது என்பதும் அப்படி வந்ததுதான்.

ஊட்டி: கோவை போகும் விமானத்தைத் தவறுதலாக நம் மலைப்பக்கம் தாழ இறக்கிவிட்டால்?

ஒவ்வொரு பகுதிக்கும் இதற்குக் கீழே இறக்கக்கூடாது என்று ஓர் உயரம் உண்டு. தொட்டபெட்டா 8,652 அடி. மலைப்பகுதிக்கு அதன்மேல் 2,000 அடி பாதுகாப்பு, ஆக ஏறக்குறைய 10,700 அடி. ஆனால் எண்ணைச் சொல்லும் விதத்திலேயே பிழை நுழையலாம். 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரில் "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார் கன்ட்ரோலர். அவர் சொன்னது 2,400 அடி. அந்த "டூ"வை விமானி "வரை" என்று எடுத்துக்கொண்டு "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார், அதாவது 400 அடி. தப்பான பதிலைக் கன்ட்ரோலர் பிடிக்கவில்லை. தரை நெருங்கும் எச்சரிக்கை ஒலித்தும் ஏறவில்லை. அந்தச் சரக்கு ஜம்போ மலைச்சரிவில் மோதி நால்வரும் இறந்தார்கள். "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

வெலிங்டன்: 2021-ல் இங்கே விழுந்த ஹெலிகாப்டர் டவர் தவறா?

இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தவறியது என்பதே முப்படை விசாரணைக் குழுவின் முடிவு.

கூடலூர்: விமானி எங்கே நிற்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார், அண்ணா?

தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு உன் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது. பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதை எண் இருக்கும். கோவையில் என்றால் 05-23. குறுக்கே சிவப்பு விளக்குகள் எரிந்தால், வாயால் அனுமதி வந்திருந்தாலும் நகரக்கூடாது, கேட்டுத் தெளிய வேண்டும்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹானேடாவில் அந்த விளக்குகள் இயங்கவில்லை. கடலோரக் காவல் விமானத்திடம் "நீங்கள் நம்பர் ஒன், சி5 காத்திருப்பு இடம் வரை வாருங்கள்" என்றார் கன்ட்ரோலர். விமானி அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார். ஆனால் 'நம்பர் ஒன்', அதாவது கிளம்பும் வரிசையில் முதல், என்றதை ஓடுபாதைக்குள் போக அனுமதியாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போது இறங்கிய ஏ350 பயணிகள் விமானம் அதன்மீது மோதியது. ஏ350-ல் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள்; காவல் விமானத்தில் ஆறில் ஐந்து பேர் இறந்தார்கள். திருப்பிச் சொல்வது சரியாக இருந்தாலே போதும் என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அருவங்காடு: மகள் கன்ட்ரோலர் தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டிலேயே என்ன பழகலாம்?

நீங்கள் ஒரு வரியை ஒரே ஒரு முறை படியுங்கள்: உயரம், திசை, ஓடுபாதை எண். அவள் எழுதியபடியே திருப்பிச் சொல்லட்டும். 3-ஐ "ட்ரீ", 5-ஐ "ஃபைஃப்", 9-ஐ "நைனர்" என்றே சொல்லிப் பழகட்டும். பிறகு முறையை மாற்றுங்கள்: அவள் சொல்லட்டும், நீங்கள் வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றித் திருப்பிச் சொல்லுங்கள். அதைப் பிடிக்கிறாளா என்று பாருங்கள். முதலாவதைவிட இரண்டாவதுதான் கடினம். தினம் பத்து நிமிடம் போதும், பக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.