ஏழ்மை குறைந்தால் வெளிநாடு போவது நின்றுவிடுமா?

நிற்காது. முதலில் கூடத்தான் செய்யும். நான் கொழும்பு செட்டியார் தெருவில் ஓர் அடகுக் கடையில் வேலை செய்கிறேன். வெளிநாடு போகிறவர்களில் நிறையப் பேர் விமான நிலையத்துக்கு முன்னால் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள்.

கட்டார் போகும் மகனுக்காக அம்மாவின் சங்கிலி வரும். ஏஜென்சிக் காசு, மெடிக்கல், டிக்கெட் என்று ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். உரைகல்லில் தேய்த்து, நிறுத்துப் பார்த்து நாங்கள் சொல்லும் தொகை போதாவிட்டால், காதில் கிடக்கும் தோட்டையும் கழற்றிக் கண்ணாடி மேல் வைப்பார் அந்த அம்மா. லண்டனுக்குப் படிக்கப் போகிறவர் வீட்டார் அடகு வைப்பதில்லை, நகையை விற்றுவிடுவார்கள். காணி உறுதி அதற்கு முன்பே வேறு எங்காவது ஈட்டில் இருக்கும். எந்த நாடு என்பதை வீட்டில் எத்தனை பவுண் நகை இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒன்றுமே இல்லாதவர் இந்தத் தெருப் பக்கம் வருவதே இல்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்கள் 2024ல் ஐ.நா. கணக்குப்படி 30 கோடியே 40 இலட்சம் பேர். உலக மக்கள்தொகையில் அது 4 வீதம்கூட இல்லை. மைக்கேல் கிளெமென்ஸ் என்ற பொருளியலாளர் பல நாடுகளின் கணக்கைப் பார்த்திருக்கிறார். வாங்கும் சக்திக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் ஆளுக்கு ஆண்டு வருமானம் சுமார் 10,000 டொலரை எட்டும்வரை வெளியேறுகிறவர் தொகை ஏறுகிறது, பிறகுதான் இறங்குகிறது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகுதானே விசாவைப் பற்றியே யோசிக்க முடியும்?

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். ஆண் வேலைக்குப் போவதென்றால் அவன்தான் காசு கட்ட வேண்டும். பெண் வீட்டு வேலைக்குப் போனால் சப் ஏஜென்ட் அவள் கையில் முன்காசு கொடுக்கிறான். அங்குள்ள வீட்டுக்காரர் ஆள் பிடித்துத் தருவதற்குக் கட்டும் தொகையிலிருந்து வருகிற காசு அது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து அக்கா ஒருவர் அந்தக் காசைக் கொண்டுவந்து பிள்ளையின் மெல்லிய வளையலை மீட்டார். அவரிடம் இருந்த நகை அது ஒன்றுதான். போக விருப்பமா என்று கேட்டேன். “விருப்பம் இல்லாட்டியும் காசைச் செலவழிச்சிட்டேனே தம்பி, திருப்பிக் கொடுக்க எங்க போறது” என்றார்.

அங்கே போன பின் கபாலா முறை. விசா முதலாளியோடு கட்டப்பட்டது, அவர் விடாமல் வேறு வேலைக்குப் போவது கஷ்டம். மூதூர் ரிசானா நபீக் 2005ல், 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டில் சவூதிக்கு அனுப்பப்பட்டார். பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்ததற்காக 2013 ஜனவரியில் மரண தண்டனையாக அவர் தலை வெட்டப்பட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். எதுவும் இல்லாத பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரே வழியே அவ்வளவு ஆபத்தானது. பெண்களைப் போகாதே என்று தடுப்பதையும் நான் ஏற்கமாட்டேன். தடுத்தால் விசிட் விசாவில் போவார்கள், அப்போது கேட்க நாதி இருக்காது.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேலானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். வறுமையும் அப்போது ஏறக்குறைய இரட்டித்தது உண்மைதான். ஆனால் இன்னொன்றும் நடந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. சவூதி ரியாலும் கட்டார் ரியாலும் டொலரோடு கட்டப்பட்டவை. அங்கே சம்பளம் ஒரு ரியால்கூட ஏறவில்லை, இங்கே வீட்டுக்கு வரும் ரூபாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. வேலை அதே வேலை, ஆளும் அதே ஆள். ஆட்களை இழுப்பது இந்த இடைவெளிதான். உலகில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வருமான வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அவர்கள் எந்த நாட்டவர் என்பதாலேயே வருகிறது என்று பிராங்கோ மிலானோவிச் என்ற பொருளியலாளர் கணக்குக் காட்டியிருக்கிறார். உழைப்பும் கெட்டித்தனமும் மிச்சத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாட்சம்பளம் 2024ல்தான் 1350 ரூபாய் ஆனது. சம்பளத்தை இன்னும் உயர்த்தத்தான் வேண்டும், அதற்காகச் சத்தம் போடவும் வேண்டும். ஆனால் உயர்த்தியதும் ஆட்கள் போகமாட்டார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். லயத்துப் பிள்ளை படித்து, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தால் அதுவும் கொரியாவுக்கோ கனடாவுக்கோ போகப் பார்க்கும். அது போவதில் எனக்கு வருத்தமில்லை, முன்காசுக்குக் கட்டுப்பட்டுப் போவதில்தான் வருத்தம்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது புறப்படுவதாக இருந்தால், காசு வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் முன்னால் 1989க்கு அழையுங்கள். அது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இன்ன நாட்டுக்கு இன்ன வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றும் பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.