வயசானாலும் கண்ணு, காது, பல்லு மூணும் நல்லா இருக்க என்ன பண்ணனும்?

"எங்க தாத்தா பாட்டி எல்லாம் 80 வயசுலயும் கண்ணாடி இல்லாம, முறுக்கு கடிச்சு சாப்பிட்டு, கூப்பிட்டா உடனே திரும்பிப் பாத்துட்டு இருந்தாங்க, நமக்கு மட்டும் 50லயே எல்லாம் போகுதே, என்ன ரகசியம்"னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்லைங்க. எனக்கு 52 ஆகுது, ஊரு குமாரபாளையம், தறிச்சத்தத்துக்கு நடுவுல பொறந்து வளந்தவன். எங்க வீட்டுலயே ரெண்டு பேரைப் பாத்திருக்கேன், மூணாவது நானே, அதை வெச்சு சொல்றேன்.

மொதல்ல எங்க அம்மாயி, அதாவது அம்மாவைப் பெத்த பாட்டி. அந்தியூர் பக்கம் காட்டுல சோளமும் கடலையும் வெள்ளாமை பண்ணின ஆளு, 85 வயசு வரைக்கும் இருந்துச்சு. சொந்தக்காரங்க யாரு கூடினாலும் "அம்மாயிக்கு கடைசி வரைக்கும் கண்ணாடியே கிடையாது, அந்தக் காலத்து சாப்பாடு அப்படி"ன்னு ஒரு தடவையாவது பேச்சு வரும். அது பச்சைப் பொய்! 1998ல அதுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, அதாவது ஊர்ல சொல்ற மாதிரி பூ விழுந்து, வாசல்ல வர்றது யாருன்னே தெரியாம குரலை வெச்சு கண்டுபிடிச்சுட்டு இருந்துச்சு. அப்ப ஊருக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கேம்ப் வந்துச்சு, பஸ்ல கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி, உள்ளயே லென்ஸ் வெச்சு அனுப்பினாங்க, அடுத்த வருஷம் இன்னொரு கண்ணு. அதுக்கப்புறம் வரப்புல நடந்து வர்ற ஆளை தூரத்துலயே சொல்லிடும், ஊசியில நூல் கோர்க்க மட்டும் எங்களைக் கூப்பிடும். பத்து வருஷத்துல ஆபரேஷனை எல்லாரும் மறந்துட்டாங்க, கண்ணாடி இல்லாததை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாங்க.

அந்த ஆஸ்பத்திரியை 1976ல மதுரையில ஜி. வெங்கடசாமி ஐயா ஆரம்பிச்சப்போ 11 படுக்கைதான். கவர்மெண்ட் வேலையில ரிட்டயர் ஆனப்புறம், முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போன கையோட ஆரம்பிச்சது. வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைங்களுக்கு கட்டுபடியாகாதுன்னு 1992ல ஆரோலேப்னு சொந்தமா லென்ஸ் செய்யவே ஆரம்பிச்சுட்டாங்க. எங்க அம்மாயி கண்ணுக்கு காரணம் கம்பங்கூழா அந்த லென்ஸான்னு கேட்டா நான் லென்ஸ்னுதான் சொல்லுவேன். அந்தக் காலத்துல எல்லாருக்கும் கண்ணு நல்லா இருந்துச்சுங்கறதே தப்பு, நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க தெருவுல மட்டும் சுவரைத் தடவிக்கிட்டே நடக்கற கிழவிங்க மூணு பேரு. நல்லா இருந்தவங்க மட்டும்தான் கதையில வர்றாங்க.

ஆனா பல்லு விஷயத்துல அம்மாயி நெஜமாவே கெட்டிதான். ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு படிச்சோமே, அந்த மாதிரி குச்சியில வெளக்கினதுதான் காரணம்னு நெனைச்சுட்டு இருந்தேன். என் பல் டாக்டர் கேட்ட கேள்வியே வேற, "பாட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பா சாப்பிடுவாங்க?" எவ்வளவு இல்லைங்க, எத்தனை தடவை. ஒவ்வொரு தடவை சக்கரை உள்ள போகும்போதும் வாயில இருக்கற கிருமி அதைத் தின்னு ஆசிட் ஆக்குது, அது அடங்க அரைமணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள அடுத்த டீ வந்துட்டா பல்லுக்கு ஓய்வே இல்லை. அம்மாயி காட்டுல சக்கரை போட்ட டீயே லேட்டாதான் வந்துச்சு, சாப்பிட்ட உடனே வாய் கொப்பளிக்கறது ஒரு பழக்கம். எங்க அப்பா தறிப்பட்டறையில ஒரு ஷிப்ட்டுக்கு ஆறேழு டீ, நைட் ஷிப்ட்ல தூக்கம் வராம இருக்க போயிலை வேற. 60 வயசுல பல்செட். போயிலைக்கு பல்லு போனதோட நின்னுச்சேன்னு நாங்க சந்தோஷப்பட்டுக்கணும், அவர் கூட ஓட்டினவர் ஒருத்தருக்கு பாக்கு மென்னு மென்னு வாயே ரெண்டு விரல் அளவுக்கு மேல தெறக்காம போயிருச்சு.

தண்ணியும் ஒரு காரணம். என் வீட்டுக்காரம்மா ஊரு தர்மபுரி பக்கம், போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, சின்ன வயசுலயே பல்லெல்லாம் பழுப்புக் கறை, என்ன வெளக்கினாலும் போகாது. 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தப்புறம் பொறந்த புள்ளைங்க பல்லு எவ்வளவோ பரவால்ல.

இப்ப காது. இதைத்தான் விரிவா சொல்லணும்னு நெனைச்சேன், ஏன்னா கண்ணுக்கு ஆபரேஷன் இருக்கு, பல்லுக்கு மாத்து இருக்கு, காது உள்ள நத்தை மாதிரி சுருண்ட எலும்புக்குள்ள இருக்கற மயிர் மாதிரி செல்லு செத்துச்சுன்னா மனுசனுக்கு அது திரும்ப வளராது. அப்பா 35 வருஷம் நாடாத் தறி ஓட்டினாரு, அதாவது நூலைச் சுமந்துக்கிட்டு நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாயற விசைத்தறி. பட்டறைக்குள்ள யாரும் பேச மாட்டாங்க, கையசைப்பு, உதட்டைப் பாத்து புரிஞ்சுக்கறது, அவ்வளவுதான். நான் போன்ல சத்தத்தை அளக்கற ஆப் போட்டுப் பாத்தேன், 98, 100 டெசிபல்னு காட்டுச்சு. போன் ஆப் அவ்வளவு துல்லியம் இல்லைதான், ஆனா கணக்கைப் பாருங்க: அமெரிக்காவுல நியோஷ்னு தொழிலாளர் உடல்நல ஆராய்ச்சி அமைப்பு இருக்கு, அவங்க சொல்றது 85 டெசிபல்னா 8 மணி நேரம் இருக்கலாம், அப்புறம் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும், 100ல வெறும் 15 நிமிஷம். எங்க அப்பா ஷிப்ட் 12 மணி நேரம்.

ஆரம்பத்துல யாருக்குமே தெரியல. கீச்சுக் குரல்தான் மொதல்ல போகும், அப்பாவுக்கு என் குரல் கேக்கும், பேத்தி பேசறது கேக்காது, கேட்டா "நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க"ன்னு எங்களையே திட்டுவாரு. பால்னு சொன்னா கால்னு விளங்கிக்குவாரு. அம்பது வயசுல ஆரம்பிச்சதுக்கு 70 வயசுலதான் டெஸ்ட் எடுத்தோம், எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு ரிப்போர்ட்ல காட்டற கோடு, 4000 ஹெர்ட்ஸ்ங்கற கீச்சுச் சத்தம் கிட்ட கெணத்துல விழுந்த மாதிரி கீழ போயிருந்துச்சு, சத்தத்துல போன காதுக்கு அதுதான் அடையாளம்னு டெஸ்ட் எடுத்தவங்க சொன்னாங்க. காது மெஷின் வாங்கிக் குடுத்தா ஆறு மாசம் பிஸ்கட் டப்பாவுல கெடந்துச்சு, எல்லாச் சத்தமும் கத்துதுன்னாரு. இருபது வருஷமா சத்தம் மறந்த மூளைக்கு திடீர்னு எல்லாம் கேட்டா அப்படித்தான் இருக்குமாம், சீக்கிரமே போட்டுப் பழகியிருக்கணும். அதுக்குள்ள விசேஷத்துக்குப் போறதை நிறுத்திட்டாரு, யார்கிட்டயும் பேச்சில்லை. காது கேக்காம விடறதும் பிற்காலத்துல மறதி நோய்க்கு ஒரு காரணம்னு லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட நிபுணர் குழு சொல்லியிருக்கு, 2024ல கண்ணு தெரியாம விடறதையும் அந்தப் பட்டியல்ல சேத்துட்டாங்க.

என் கதையும் சொல்லிடறேன், 44ல சுகர் வந்துச்சு. வெளக்கும்போது ஈறுல ரத்தம் வந்துச்சு, பிரஷ்தான் முரடுன்னு பிரஷ்ஷை மாத்தினேன், ரெண்டு கடவாய்ப் பல்லு ஆடி விழுந்தப்புறம்தான் சுகர் ஈறைக் கெடுக்கும், ஈறு சுகரை ஏத்தும்னு தெரிஞ்சுது. இப்ப வருஷம் ஒரு தடவை பல்லு கிளீனிங், அதே மாதிரி கண்ணுல சொட்டு விட்டு பாப்பாவை விரிச்சு விழித்திரையைப் பாக்கறது. கண்ணு நல்லாத்தான தெரியுதுன்னு விடாதீங்க, சுகர்ல கெடற விழித்திரையும் சரி, கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு சாகறதும் சரி, பார்வை போறப்போதான் தெரியும், போனது முழுசா திரும்பறது கஷ்டம். கண்ணு சிவந்துச்சுன்னா மெடிக்கல்ல கேட்டு வாங்கற சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருந்தா அதையே மாசக்கணக்குல விட்டா அழுத்தமும் புரையும் சேந்து வரும். காதுல சுடு எண்ணெய், கோழி இறகு, ஊக்கு, பட்ஸ் எதுவும் வேண்டாம், குரும்பி தானா வெளிய வரும், நாமதான் உள்ள தள்ளறோம்.

தம்பி இன்னும் எட்டு தறி ஓட்டறான். போன மாசம் அவனுக்கு ஸ்பாஞ்ச் காதடைப்பான் ஒரு டப்பா வாங்கிட்டுப் போனேன். கழிவுப் பஞ்சைத்தான் வெச்சுக்கறமே, அது போதும்னான், பஞ்சு ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொன்னேன். அப்புறம் "இதை வெச்சா தறி சத்தம் மாறறது தெரியாதுண்ணா, நாடா தெறிச்சா எப்படி"ன்னு கேட்டான். எனக்கு பதில் தெரியல. அப்பா அன்னிக்கு மெஷின் போட்டிருந்தாரு போல, திண்ணையில இருந்தே "எனக்கு இப்ப தறி ஓடுதா நின்னுருச்சான்னே தெரியல, வெச்சுக்கடா"ன்னாரு.

இப்ப ஒரு காதுல மட்டும் வெச்சுக்கறான்.