வாசகர் கேள்வி பதில்: பிரிவு உபசார விழாவில் என்ன பேச?

பிளஸ் டூ பசங்களுக்குப் பிரிவு உபசார விழா நடக்கிற நேரம் இது. கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளிலிருந்து இது பற்றி நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன, அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

அண்ணா, விழாவில் வகுப்புக்கு ஒருத்தர் மைக்கில் பேச வேண்டும். சார் என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த பசங்க. பாசமாகப் பேசினால் கலாய்ப்பார்கள், வெறும் 'ஆல் தி பெஸ்ட்' சொல்லிவிட்டு இறங்கவும் மனசு வரவில்லை. என்ன பேசுவது?
– பிளஸ் டூ மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

கலாய்க்கட்டும் தம்பி, நீ பேசு. ஆண்கள் பள்ளியில் பாசம் வெளியே வருகிற வழியே அதுதான். இத்தனை வருஷம் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அன்றைக்கு மட்டும் கைகட்டி உட்கார்ந்திருக்க மாட்டான். கொஞ்ச நேரம் கத்துவார்கள், நீ பேசுவது தங்களைப் பற்றித்தான் என்று தெரிந்ததும் அவர்களே அடங்கிவிடுவார்கள்.

பொதுவாக மட்டும் பேசாதே. 'நட்பு கடலைப் போன்றது', 'பிரிவு உடலுக்குத்தான், உள்ளத்துக்கு இல்லை' மாதிரி வரிகளை எந்தப் பள்ளியில் எவன் பேசினாலும் பொருந்தும், அதனாலேயே எவன் மனசிலும் ஒட்டாது. உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல். ரெக்கார்டு நோட்டு முடிக்காதவனுக்கு ராத்திரி உட்கார்ந்து படம் வரைந்து கொடுத்தவன் யார்? கெமிஸ்ட்ரி லேபில் பழுப்பு வளையம் வராமல் ஒருத்தன் முழித்தபோது, "டெஸ்ட் டியூபைச் சாய்ச்சுப் பிடிடா, ஆசிட்டை ஓரமா விடு" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவன் யார்? ஓ.டி.யிலிருந்து (கடலூர் ஓல்டு டவுன்) வருகிற பஸ்ஸில் தினமும் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்தவன் யார்? பெயரைச் சொல், நடந்ததைச் சொல், "தேங்க்ஸ்டா" என்று சொல், அது போதும். வகுப்பில் யாரிடமும் அதிகம் பேசாத பையன் ஒருத்தன் கண்டிப்பாக இருப்பான், அவன் பெயரும் உன் பேச்சில் வர வேண்டும். அவனைப் பற்றிச் சொல்ல உன்னிடம் எதுவும் இல்லையென்றால் இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. ஒருத்தனுக்கு ஃபீஸ் கட்ட இன்னொருத்தன் உதவியது, வீட்டுக் கஷ்டம், இதெல்லாம் மைக்கில் வேண்டாம், தனியாகக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், மிச்சத்தைக் கடைசிப் பரீட்சை அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே. பொதுத்தேர்வு எல்லா குரூப்புக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. 2024-ல் கணக்குப் பரீட்சை மார்ச் 19, சூசையப்பர் திருநாள் அன்று வந்தது, உயிரியல் மார்ச் 22. கம்ப்யூட்டர் குரூப் பையன்கள் கணக்கோடு முடித்து ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், பயாலஜி குரூப் பையன்கள் வெளியே வந்து பார்த்தபோது பாதிப் பேர் இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிற கடைசி நாள் அநேகமாக உங்கள் விழா நாள்தான்.

ஐயா, என் மகன் யூனிஃபார்ம் சட்டை முழுக்க ஸ்கெட்ச் பேனாவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான். நல்ல வெள்ளைச் சட்டை, கோபத்தில் திட்டிவிட்டேன். துவைக்கவே கூடாது என்று எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான்.
– ஒரு தாய், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. சட்டையில் எழுதாதீர்கள், அடுத்த வருஷம் யாராவது போடலாம் என்று பல பள்ளிகளில் ஃபாதரே அசெம்பிளியில் சொல்லுவதுண்டு. ஆனாலும் எழுதியாகிவிட்டது, இனி அவன் சொல்வதுதான் சரி, தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். ஸ்கெட்ச் பேனா மை தண்ணீரில் கரைகிற மை, ஒரு அலசலில் பெயர்கள் எல்லாம் கலங்கிப் போகும். வெயிலிலும் காயப் போட வேண்டாம், வெளுத்துவிடும். நிழலில் காற்றாட விட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, பழைய காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். கடற்கரை ஊரில் பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

மற்ற சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பள்ளி ஹாஸ்டலில் கொடுத்துவிடுங்கள், அவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார் எழுதியது, அது யார் எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். முதுகில் பெரிதாக எழுதினவர்களைப் பற்றி உடனே சொல்லிவிடுவான். காலருக்கு உள்பக்கம் பொடி எழுத்தில் ஒருத்தன் எழுதியிருந்தால் அவனைப் பற்றிக் கேளுங்கள், நீங்கள் கேள்விப்படாத கதை ஒன்று வரும்.

அண்ணா, என் ஃப்ரெண்டு தேவனாம்பட்டினத்துப் பையன். அவன் காலேஜ் சேரப் போவதில்லை, அப்பாவோடு படகுக்குப் போகிறான். எல்லாரும் 'எந்த காலேஜ்' என்று கேட்பதால் விழாவுக்கே வரமாட்டேன் என்கிறான்.
– பிளஸ் டூ மாணவர், கடலூர்

அந்தக் கேள்வியை முதலில் நிறுத்துங்கள். வகுப்பில் ரெண்டு பேரிடம் நீ சொன்னால் போதும், அது பரவிவிடும். மேடையில் நிகழ்ச்சி நடத்துகிறவனிடமும் சொல்லிவை, யார் யார் நீட் எழுதுகிறார்கள், யார் யார் இன்ஜினியரிங் என்று கை தூக்கச் சொல்கிற வழக்கம் வேண்டாம் என்று. பிறகு நீங்கள் நாலு பேராக அவன் வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்கள். போனில் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லுவான், வாசலில் போய் நின்றால் அவன் அம்மாவே சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். குரூப் போட்டோவில் அவன் இல்லாமல் நிற்கமாட்டோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அவன் அப்பாவுடையது விசைப்படகு என்றால் அந்த இரண்டு மாதமும் வலை பின்னிக்கொண்டும் படகைச் சரிபார்த்துக்கொண்டும் கரையில்தான் இருப்பான். நீயும் ரிசல்ட்டுக்கும் கவுன்சிலிங்குக்கும் காத்துக்கொண்டு சும்மா இருக்கிற காலம் அது. சில்வர் பீச் அவன் வீட்டுப் பக்கம்தானே, அடிக்கடி போ. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, படிக்க ஆசை இருந்தால் அவன் தொழிலை ஒட்டியே படிக்கலாம் என்பதையும் அப்போது தனியாகச் சொல். விழா அன்றைக்குச் சொல்லிவிடாதே, அன்றைக்கு அவன் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பெத்திசெமினார் பள்ளியில் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் நான், வயது எழுபது. அன்றைய ஆட்டோகிராஃப் நோட்டு இன்னும் இருக்கிறது. எழுதியவர்களில் சிலர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள், ஒருவன் அண்மையில் காலமாகிவிட்டான். அவன் எழுதிய பக்கத்தை என்ன செய்யலாம்?
– முன்னாள் மாணவர், புதுச்சேரி

இளம் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா. 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்னால் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து, பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதனால் 1844-ல் தொடங்கிய அந்தப் பழைய பள்ளியிலிருந்து பதினாறு வயசிலேயே பிரிந்து போனவர்கள் இவர்கள். போன் இல்லாத வீடுகள்தான் அதிகம், அந்த நோட்டில் எழுதின விலாசம்தான் எல்லாம்.

நோட்டைப் பிரிக்காதீர்கள், அந்தப் பக்கத்தையும் கிழிக்காதீர்கள். தெளிவாகப் போட்டோ எடுத்து அவர் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். அப்பாவின் கையெழுத்தைப் பாங்க் செக்கிலும் ரேஷன் கார்டு விண்ணப்பத்திலும் பார்த்திருப்பார்கள், பதினாறு வயசுப் பையனாக அவர் எழுதினதைப் பார்த்திருக்கமாட்டார்கள். கூடவே அவர் வகுப்பில் எப்படி இருந்தார், எங்கே உட்கார்ந்தார், என்ன விளையாடினார் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள், அது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பிரான்சில் இருப்பவர்களுக்கும் அவரவர் பக்கத்தை இப்போதே அனுப்பிவிடுங்கள்.

அண்ணா, என் உயிர் நண்பன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஃபாதருக்குப் படிக்கக் குருமடத்தில் சேரப் போகிறான். நான் இந்து, அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் அவனோடு பேச முடியுமா? என்ன கொடுத்து அனுப்புவது?
– பிளஸ் டூ மாணவர், வில்லியனூர்

பேசலாம் தம்பி, விடுமுறைக்கு வீட்டுக்கும் வருவான். ஆனால் ஆரம்பத்தில் போனுக்குக் கட்டுப்பாடு இருக்கும், நீ மெசேஜ் போட்டு உடனே பதில் வரவில்லை என்று மனசு சங்கடப்படாதே. குருப்பட்டத்துக்குப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆகும், நடுவில் தத்துவம், இறையியல் என்று பூந்தமல்லிக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள். குருமடத்து விலாசத்தை வாங்கி வைத்துக்கொண்டு கடிதம் எழுது. காசு போட்டுப் பெரிய பொருள் எதுவும் வாங்காதே, அங்கே வைத்துக்கொள்ள இடம் இருக்காது. நல்ல பேனா ஒன்றும், உன் வீட்டு விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின சில தபால் உறைகளும் கொடு. இத்தனை வருஷம் தினமும் அசெம்பிளியில் அவனோடு நின்று செபம் சொன்ன பையன் நீ, அவன் ஃபாதராகி ஊரில் முதல் திருப்பலி (பூசை) வைக்கிற நாளில் உனக்கும் முன் வரிசையில் இடம் இருக்கும்.

இன்னொரு விஷயமும் இப்போதே சொல்லிவிடு. நடுவில் இது தனக்குச் சரிப்படவில்லை என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு, அப்படி வருகிறவனுக்கு ஊருக்குள் வருவதே கஷ்டமாக இருக்கும். "ஃபாதரா வந்தாலும் சரி, சும்மா வந்தாலும் சரி, முதல்ல எங்க வீட்டுக்கு வாடா" என்று கிளம்புகிற அன்றைக்கே சொல்லி அனுப்பு.

விழாவுக்கு வெள்ளிக்கிழமை சிக்கன் பிரியாணி போடுகிறோம். தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) என்று சில பசங்க சாப்பிட மாட்டார்களாம். அவர்களுக்கு மட்டும் லெமன் சாதம் வாங்கிவிடலாமா?
– கிளாஸ் லீடர், நெல்லித்தோப்பு

வேண்டாம். பதினாலு வயது முடிந்த கத்தோலிக்கர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம், கத்தோலிக்கப் பள்ளியின் கடைசி விருந்தில் அவர்களைத் தனியாக உட்கார வைப்பது நன்றாக இருக்காது. விழாவைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று ஃபாதரிடம் கேளுங்கள், முடியாதென்றால் எல்லாருக்கும் வெஜ் பிரியாணி போடுங்கள். சில வருஷம் ரமலான் நோன்பும் இதே சமயத்தில் வருகிறது, அப்படியென்றால் சாப்பாட்டை நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். சமையல்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதையெல்லாம் பேசி முடித்துவிடு.