சிபாப் அழுத்தத்தை நாமே குறைக்கலாமா?
டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அப்பாவுக்கு சிபாப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தரும் மெஷின்) அழுத்தம் 12, மூச்சு முட்டுகிறது என்கிறார், 8-க்கு இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக இறக்காதீர்கள். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் காற்றே தாங்கிப் பிடிக்க வேண்டும், அதற்கான அளவு அது. குறைத்தால் மூச்சுத்தடை திரும்பிவிடலாம், தூங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

பெரும்பாலும் முட்டுவது படுத்த புதிதிலும், மூச்சை வெளியே விடும்போதும்தான். 'ராம்ப்' போட்டால் அழுத்தம் 4-இல் தொடங்கி மெல்ல ஏறும். சிலருக்கு 4-இல் காற்றே போதாது, அதுவும் முட்டல் போலத்தான் இருக்கும். அப்படியானால் 6-இல் தொடங்கிப் பாருங்கள். வெளிமூச்சில் மட்டும் 1 முதல் 3 வரை தளர்த்தும் வசதியும் பல மெஷின்களில் உண்டு. என் அம்மாவுக்குக் கைகொடுத்தது இதுதான். ஆனால் தளர்த்திய பிறகு சில நாள் காலையில் திரையில் ஏஎச்ஐ எண்ணை, அதாவது மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கைப் பாருங்கள். 5-க்குக் கீழே நின்றால் நல்லது.

மாஸ்க் கசிகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், டர்பன் புழுக்கத்தில் ஈரப்பதமூட்டியை உச்சத்தில் வைத்தால் குழாயில் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும், கொஞ்சம் குறையுங்கள்.

இதற்கும் அடங்காமல் வயிறு உப்பினாலோ, ஏஎச்ஐ ஏறினாலோ, மெஷினின் பதிவோடு தூக்க மருத்துவரிடம் போங்கள். 12-ஐ மாற்றுவதா, தானியங்கி அழுத்தத்துக்குப் போவதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.