தேவிகுளம் குளிருக்கு ஃபர்னஸ் வேண்டுமா?

கேள்வி: தேவிகுளத்தில் சொந்த வீடு, மேலே தகர ஷீட். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் வயதான அம்மா குளிரில் ரொம்பக் கஷ்டப்படுகிறார். கனடாவில் மகன் வீட்டில் வீடு முழுக்கச் சூடாக்கும், 96 சதவீதத் திறனுள்ள கேஸ் ஃபர்னஸ் இருக்கிறது. அதுபோல இங்கே வைக்கலாமா? கடைக்காரர் ஆயில் ஹீட்டர்தான் கரண்ட் குறைவு என்கிறார்.

பதில்: ஃபர்னஸை மறந்துவிடுங்கள். 96 சதவீதம் உண்மைதான். புகையோடு போகிற நீராவியையும் தண்ணீராக்கி, அதிலுள்ள வெப்பத்தையும் விடாமல் எடுத்துக்கொள்ளும் வகை அது. ஆனால் மாதக்கணக்கில் உறைபனி, வீடு முழுக்கச் சூடான காற்றுக் குழாய், தெருவில் கேஸ் லைன் என்று இருக்கும் ஊருக்கு அது சரி. உங்களுக்கு வேண்டியது ராத்திரியில் ஒரே ஒரு அறை.

கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. ராடு, ஃபேன், ஆயில் எந்த ஹீட்டரானாலும் ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றுதான். ஆயில் ஹீட்டரில் சத்தம் இல்லை, சிவக்கக் காயும் கம்பி இல்லை, அறை சூடானதும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். அம்மா தூங்கும் அறைக்கு நானும் அதைத்தான் சொல்வேன், கரண்ட் மிச்சத்துக்காக அல்ல.

பில்லைப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் நிற்காமல் 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480, அதாவது மாதம் 240. கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விகிதம். தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விகிதம். ஹீட்டர் மட்டுமே உங்களை அந்த விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும், ஃபிரிட்ஜும் மோட்டாரும் அதற்கு மேலே.

அதனால் முதல் செலவு ஹீட்டருக்கு இல்லை, கூரைக்கு. சூடான காற்று மேலே போய்த் தகரம் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அம்மாவின் அறைக்கு மட்டுமாவது ஜிப்சம் சீலிங் போட்டு மேலே கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரியுங்கள். தெர்மாகோல் மலிவு, ஆனால் தீப்பிடிக்கும். கதவுக்குக் கீழேயும் ஜன்னல் சட்டத்திலும் உள்ள இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அப்புறம் பாருங்கள், ஹீட்டர் பாதி நேரம் சும்மா இருக்கும்.

கையில் பணம் இருந்தால் சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசி இன்னும் நல்லது. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுப்பதால், நம்மூர்க் குளிரில் ஒரு யூனிட் கரண்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று யூனிட் வெப்பம் தரும். அதன் நட்சத்திரங்களைப் பார்த்து வாங்காதீர்கள், அவை குளிரூட்டலுக்கு. சூடேற்றுவதற்கான சிஓபி, அதாவது ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் வெப்பம், எவ்வளவு என்று கேளுங்கள். வருஷத்தில் சில வாரங்கள்தான் ஓட்டுவீர்கள் என்றால் போட்ட காசு சீக்கிரம் திரும்பாது.

2000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குப் பக்கம். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தனியாகப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் கருகும்.

இடுக்கெல்லாம் அடைத்த அறைக்குள் கரிக்கங்குச் சட்டியும் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியாது. கரண்ட் போன ராத்திரியிலும் கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான்.